புள்ளிக் காய்ச்சல்: குழந்தைகளுக்கான டாக்சிசைக்ளின் சிரப் எங்கே கிடைக்கும்?

குழு நண்பர்களுக்கு வணக்கம், ஒரு உதவி. புள்ளிக் காய்ச்சலுக்கு, அதாவது நாய் உண்ணி பரப்பும் ரிக்கெட்சியா கொனோரி என்ற பாக்டீரியாவால் வரும் காய்ச்சலுக்கு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் வேண்டும். எந்த மாவட்டத்தில், எந்த மொத்த மருந்துக் கடையில் இருப்பு உண்டு?

45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 2.2 மி.கி., தினம் இரண்டு வேளை. 12 கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 26 மி.கி. 100 மி.கி. கரையும் மாத்திரையைக் கால்வாசியாக உடைத்தால் அளவு சரியாக வருவதில்லை. கசப்பில் குழந்தைகள் பாதியைத் துப்பியும் விடுகிறார்கள். பல்லில் கறை படியும் என்று தயங்க வேண்டாம், குறுகிய காலச் சிகிச்சையில் அந்தப் பயம் தேவையில்லை.

இன்னொன்று: புள்ளிக் காய்ச்சலுக்கென்று தனியாக ஐஜிஎம் எலைசா (நோய் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் இரத்தப் பரிசோதனை) எந்த ஆய்வகத்தில் செய்கிறார்கள்? நம் ஊரில் இதையும், இதைப் போன்ற வேறொரு காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸையும் சேர்த்தே 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறோம். ஸ்க்ரப் டைபஸுக்கான சோதனைக் கிட்டில் நெகடிவ் வந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், சிக்கலே அங்கேதான். காய்ச்சலின் முதல் வாரத்தில் எந்த எலைசாவும் நெகடிவாக வரலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் சிவந்த புள்ளிகள் தெரிந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும்.

கடை, ஆய்வகம், விலை விவரத்தைக் கீழே எழுதுங்கள்.