பெரியவளவு வாட்ஸ்அப்: ஞாயிறு கறன்ற் இல்லை

பெரியம்மா: ஞாயிறு காலமை 8 தொடக்கம் பின்னேரம் 5 மட்டும் கறன்ற் வெட்டாம். அம்மான்ர ஆட்டைத் திவசத்துக்குக் கிணத்து மோட்டர் என்னண்டு ஓடுறது?

குகன்: ஜெனறேற்றர்

வதனி: ஆற்ற காசில?

தயா மாமா: (முன்னனுப்பியது) புல்மோட்டை மண்ணில் தோரியம்!! யுரேனியத்தைவிட 4 மடங்கு! இனி இலவச மின்சாரம். தமிழனென்றால் பகிரவும்.

துஷி: உது உண்மையோ?

ராசன் மாமா (கனடா): பாதி. அந்த மண்ணில கொஞ்சம் மொனசைற் எண்ட கனிமம் இருக்கு, அதுக்குள்ள தோரியம். பூமியில அது யுரேனியத்தைவிட மூண்டு நாலு மடங்கு எண்டதும் சரி. ஆனா அணு உலையில தோரியம் தானா மூளாது பிள்ளை, பச்சை விறகு. யுரேனியம் 235 தான் அடுப்பு மூட்டுற பன்னாடை. தோண்டுற யுரேனியத்திலயும் அது ஆயிரத்துக்கு ஏழுதான். நான் வேலை செய்த பிக்கரிங் அணுமின் நிலையத்தில பாரநீர் (பாரமான ஐதரசன் உள்ள தண்ணி) இருந்தபடியா 235 ஐக் கூட்டிச் செறிவாக்காமலே எரிச்சம்

வதனி: வகுப்புத் துவங்கிட்டுது

குகன்: டீசல் வேறயாம்

ராசன் மாமா (கனடா): முடிக்க விடுங்கோ. தோரியம் நியூத்திரன் எண்ட அணுத்துகளை விழுங்கிப் புரோட்டாக்டினியமாகும். அதில பாதி மாற 27 நாள். மாறி வாற யுரேனியம் 233 தான் எரியும். கூடக் கலக்கிற யுரேனியம் 232 சிதையேக்க கடும் காமாக் கதிர், கிட்டப் போகேலாது. புளூட்டோனியமும் உலைக்குள்ள விளையிறதுதான், யுரேனியம் 238 இலயிருந்து. கல்பாக்கத்தில 233 இல ஓடுற காமினி எண்ட ஆராய்ச்சி உலை 30 கிலோவாற்

குகன்: 30 ஓ? நான் பேசின ஜெனறேற்றரே 40

தயா மாமா: ஆர் காமினி?

பெரியம்மா: தொண்ணூறில கறன்ற் போகேக்க எரிச்ச பெற்றோமாக்ஸ் பரணில கிடக்கு. மென்டில்தான் இல்லை.

ராசன் மாமா (கனடா): அக்கா, அந்த மென்டிலே தோரியம்தான்! துணி எரிஞ்சு போக ஒக்சைட் வெள்ளைச் சாம்பலா நிக்கும். 3,300 பாகையிலதான் உருகும்

பெரியம்மா: உருகேல்லை. அப்பா கொண்டுவந்த கடைசி மென்டிலை விரலால குத்தி உதிர்த்தது ஆர்?

ராசன் மாமா (கனடா): தயா

தயா மாமா: செத்தவீட்டுக்கு வராதவர் மென்டிலுக்கு வந்திட்டார்

வதனி: மாமா, விடுங்கோ

ராசன் மாமா (கனடா): ஜெனறேற்றர் காசு நான் போடுறன்.

பெரியம்மா: உன்னட்ட ஆர் காசு கேட்டது? வாளியும் கயிறும் இருக்கு.

குகன்: அப்ப ஜெனறேற்றரோ, வாளியோ? அவன் போனில நிக்கிறான்

துஷி: மாமா, அந்த 27 நாளை இன்னொருக்காச் சொல்லுங்கோ, ரியூசன் சேரிட்டக் கேக்கோணும்

பெரியம்மா: ஐயருக்கு ஆராவது சொன்னனீங்களோ?