சிங்கப்பூர் ஒன்றரை மணி நேரமா?

உசிலம்பட்டியான்:
ஊருக்கு வந்த அன்றைக்கு டிக்கெட்டை அப்பத்தா முன்னால் வாசித்துத் தொலைத்தேன். சிங்கப்பூரில் ராத்திரி 8 மணிக்குக் கிளம்பி 9.30க்கு மதுரை ஏர்போர்ட் இருக்கும் பெருங்குடியில் இறங்குவதாகப் போட்டிருந்தது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவது நமக்குத் தெரியும், அப்பத்தாவுக்கு? வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "நம்ம ஊர்ல இருந்து ஆரப்பாளையம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகுதேடா. அம்புட்டுப் பக்கத்துலயா இருந்த? பெறகு ஏன் தாத்தா சாவுக்கு வரல?" லீவு கிடைக்கவில்லை என்று அப்போதே போனில் சொல்லியிருந்தேன். மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

திருமங்கலத்து மருமகள்:
எனக்கு துபாய். இவர் முதல்முறை போனபோது டிக்கெட்டில் கிளம்புவது மதியம் 12, இறங்குவது 2.30. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாச்சு, மூன்றரையாச்சு, போனைக் காணோம். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். நாலேகாலுக்குக் கூப்பிட்டு, "இப்பத்தான் இறங்கினேன், கரெக்ட் டயத்துக்கு வந்துட்டான்" என்கிறார்! முடிச்சு இன்னும் சாமி அலமாரியில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் இதைவிட ரொம்பத் தூரம், அந்த வீட்டுக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

ஊமச்சிகுளம் வாத்தியார்:
தங்கச்சி, அது தப்பு. மதுரையிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்தான். ஒன்று கிழக்கே, ஒன்று வடமேற்கே. பறப்பதும் சுமார் 4 மணி நேரம். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் ஓடுவதால் போகும்போது இரண்டரையாகத் தெரியும், திரும்பும்போது ஐந்தரையாகத் தெரியும். நானும் ஏமாந்தவன்தான். மகள் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போனபோது போன் திரையில் விமானம் ஜப்பான் பக்கம் போவதைப் பார்த்து, வழி மாறிவிட்டது என்று கத்தினேன். ஏர் இந்தியா 2016இல் அந்தத் தடத்தைப் பசிபிக் வழியாக மாற்றியது. அட்லாண்டிக் வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று, மொத்தம் 15,300. ஆனால் முதுகில் காற்று தள்ளியதால் 14.5 மணி நேரத்தில் முடிந்தது, நேரம் மிச்சம். பூமி சுற்றுவதால் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். முதலில் இரண்டையும் நம் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். தேதியையும் பாருங்கள். இறங்கியதும் பெட்டி எடுக்க, வரிசையில் நிற்க ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டினால் இன்னும் நல்லது.

தல்லாகுளத்துப் பொடியன்:
சார், கடிகாரம் யாரும் கேட்கவில்லையே! உள்ளூர்க் கதையைக் கேளுங்கள். மதுரை–சென்னை ஒன்றேகால் மணி நேரம் என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டு விமானம் ஏறினேன். அவன் அதே காலையில் வைகை எக்ஸ்பிரஸ். இரண்டு மணி நேரம் முன்னால் போய்க் காத்திருந்து, விமானம் தாமதமாகி, மீனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், மச்சான் லுங்கி மாற்றிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இலையிலிருந்து தலையைத் தூக்காமல் "வாங்க, பைலட்" என்றான்.

உசிலம்பட்டியான்:
வாத்தியார் கணக்கை நேற்று அப்பத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றரை இல்லை, நாலு மணி நேரம் என்று. "சரி, நாலு மணி நேரம். மறுநா மத்தியானம் வரைக்கும் எடுக்காம வச்சிருந்தோமேடா" என்றது.