டிரைவ் என்றால் துடி?

வணக்கம்.

நாம் தமிழில் கொண்டுவரும் நாய்ப் பயிற்சிக் கையேட்டில் ‘டிரைவ்’ என்ற சொல் வருகிறது. துரத்துவது, தேடுவது போன்ற ஒன்றைச் செய்யச் சொல்லி நாயை உள்ளிருந்து தூண்டும் வேகம் அது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை உந்துதல், முனைப்பு, வெறி என மூன்று வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு நெருடுகின்றன.

வெறியை முதலில் தள்ளிவிடலாம். வெறிநாய் என்றால் ரேபிஸ் வந்த நாய். ‘வெறி அதிகமுள்ள குட்டி’ என்று எழுதினால் வாங்க வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார். உந்துதல் ஜெர்மன் மூலத்துக்கு நெருக்கம்தான். அவர்களுடைய ‘ட்ரீப்’ மாட்டை ஓட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆனால் பேருந்து, மகிழுந்து என்று பழகிய காதுக்கு ‘உந்துதல் மிக்க நாய்’ ஏதோ வண்டி மாதிரி இருக்கிறது. முனைப்பு பரவாயில்லை. என்றாலும் அது பரீட்சைக்குப் படிக்கிறவனுடைய குணம்; பந்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் அதிரும் நாய்க்கு ஒட்டவில்லை.

நான் சொல்வது: துடி. துடியான பையன், துடியான சாமி என்கிறோமே, அதே துடி. பாலை நிலத்துப் பறைக்கும் அந்தப் பெயர் உண்டு. நாய்க் கையேட்டில் யாரும் குழம்ப மாட்டார்கள். ‘துடிப்பு’ என்று மட்டும் நீட்டக் கூடாது, மருத்துவ அத்தியாயத்தில் நாடித்துடிப்பு வந்து இடிக்கும்.

கூட்டுச்சொல்லுக்கும் துடி வளைந்து கொடுக்கிறது. ‘ப்ரே டிரைவ்’, ‘ஹன்ட் டிரைவ்’ இரண்டுக்கும் கையேட்டின் சொற்பட்டியலில் ‘வேட்டை’ என்றே இருக்கிறது. அது தப்பு. பந்தை உயரமான புல்லுக்குள் எறிந்து பாருங்கள். உருளும்வரை பாய்ந்துவிட்டு, கண்ணுக்கு மறைந்ததும் திரும்பிவருகிற நாய்க்கு இருப்பது துரத்துதுடி. பந்து தெரியாவிட்டாலும் மூக்கை இறக்கி விடாமல் கிளறுகிற நாய்க்குத் தேடுதுடி. வெடிமருந்து மோப்பத்துக்கு ஆள் எடுப்பவர்கள் (நாயைத்தான் சொல்கிறேன்) முக்கியமாகப் பார்ப்பது இந்த இரண்டாவதை. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து முயலை விரட்டும் இனம். அதற்கு முதலாவது ஏராளம். எங்கள் வீட்டு லாப்ரடாருக்குத் தீனித்துடி தவிர வேறெதுவும் இல்லை.

நாயின் குணத்தைச் சொல்லும் ‘டெம்பரமென்ட்’ வேறு சங்கதி. அதற்குச் சுபாவம் போதும். வடமொழி என்ற தயக்கம் இருக்கிறது. ஆனால் ‘இயல்பு’ என்று போட்டால் துடியும் அதற்குள் போய்விடும். பிரித்துச் சொல்லத்தானே இவ்வளவு பாடு? பிறந்த 49ஆம் நாளில் குட்டிகளின் குணத்தை அறிய வைக்கும் வோல்ஹார்ட் சோதனையில் பாத்திரத்தில் கரண்டியால் தட்டுவார்கள். திடுக்கிடுவது குறையில்லை. கொஞ்சநேரத்தில் தேறி, சத்தம் வந்த பக்கம் போய் முகர்கிறதா என்பதில் சுபாவம் தெரியும். துடி மிகுந்த வேலைநாய் இனமான பெல்ஜியன் மாலினாய்ஸ் ஒன்றுக்குச் சுபாவம் திடமாகவே இருக்கலாம். துடிக்கு வேலை கொடுக்காமல் அடுக்குமாடி வீட்டில் அடைத்தால் சோபா மிஞ்சாது. வீட்டுக்கு நாய் தேடுகிறவர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

திடுக்கிட்ட நாய் தேறுவதற்கு ஆகும் நேரத்தைத் ‘தேறுநேரம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘மீள்நேரம்’ என்றும் யோசித்தேன், மீன்நேரம் என்று வாசித்துவிடுவார்களோ என்று பயம்.