உம்மண்டை கர்த்தரே: நீங்கள் கேட்ட ராகம் எது?

பெடல்மரம்:
எங்கள் பக்கம் துக்க வீடு என்றால் ‘உம்மண்டை கர்த்தரே நான் சேரட்டும்’ இல்லாமல் பெட்டியைத் தூக்க மாட்டார்கள். யாரும் நம்பர் சொல்வதில்லை. ஒரு பாட்டி ஆரம்பிப்பார், வீடே சேர்ந்துகொள்ளும். சாரா ஃபிளவர் ஆடம்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதி, 1841இல் அச்சான பாட்டு அது. அதற்கு ராகங்கள், அதாவது மெட்டுகள், பல உண்டு.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயிலில் வெகுகாலம் ஆர்கன் வாசித்தவன் நான். ஒரு தடவை, இறந்துபோன பெரியவரின் மகன் லண்டனிலிருந்து வந்திருந்தார். “அண்ணாச்சி, அப்பாவுக்கு ஹார்பரி ராகம்தான் உசுரு. அடக்க ஆராதனைல அதையே வாசிங்க” என்றார். சரி என்று பாடகர் குழுவுக்குச் சோல்ஃபா (டோ ரே மீ எழுத்துக் குறிப்பு) எழுதிக் கொடுத்தேன். சபைக்கு யார் எழுதிக் கொடுப்பது? அதைவிடப் பெரிய சிக்கல் கடைசியில் வந்தது. சாரா எழுதியது 6-4-6-4-6-6-4 என்ற அசைக்கணக்கில் ஏழு அடி. ஹார்பரி அந்த ஏழுக்குத்தான் அளவெடுத்த ராகம். நாம் எப்போதும் பாடும் பெத்தானி ராகத்தில் கடைசிக்கு முந்தின அடி இன்னொரு தடவை வரும். தமிழிலும் ‘உம்மண்டை கர்த்தரே’ என்று அந்த இடத்தில் இரண்டு முறை பாடியே பழகிவிட்டோம். ஆர்கன் முடித்துவிட்டது, சபை கையில் இன்னும் ஓர் அடி மிச்சம்! பெண்கள் பக்கம் கொஞ்சமும் கலங்காமல் பெத்தானியில் அதை முடித்து வைத்தார்கள். இரண்டாம் சரணத்துக்கு நானும் பெத்தானிக்கே போய்விட்டேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் அதைத்தான் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

பெத்தானி 1856இல் அமெரிக்கர் லோவெல் மேசன் போட்டது. ஹார்பரி 1861, ஜான் பாக்கஸ் டைக்ஸ், இங்கிலாந்துக்காரர். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

வீணைக்காரி:
நான் கிறிஸ்தவள் இல்லை, கான்வென்ட்டில் படித்தவள். காலை அசெம்பிளியில் இந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் வீணையில் வாசித்துப் பார்த்தேன். முதல் அடி க ரி ச ச, அப்புறம் கீழ்ஸ்தாயியில் த த. அடுத்தது ப ச க ரி. அட, நம் மோகன ராகத்தின் சுரங்கள்! நடுவில் மேலே ஏறும் இடத்திலும் ப த ப ப க ப என்றே போகிறது. ‘ம’ எங்குமே இல்லை. ‘நி’ மட்டும் நாலாவது அடி முடியும் இடத்தில் ஒரு தடவை, கடைசி முடிப்பில் ஒரு தடவை எட்டிப் பார்க்கும். எங்கள் டீச்சர் “அந்த நியை விட்டுடேன், சுத்த மோகனமாயிடும்” என்றார். விட்டுப் பார்த்தோம். அடி முடியாமல் தொங்குகிறது. அதனால் நி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கமகம் போடவும் கூடாது, போட்டால் வேறு பாட்டாகிவிடுகிறது.

நைட் டியூட்டி:
நான் நர்ஸ். இங்கிலாந்தில் சாரா பிறந்த ஹார்லோவுக்குப் பக்கத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். ஊருக்கு வெளியே ஃபாஸ்டர் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். டியூட்டி முடிந்த ஒரு காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். எங்கள் அம்மாச்சி அடக்கத்துக்கு நான் ஊருக்குப் போக முடியவில்லை. அங்கே நின்று தமிழிலேயே பாடினேன், பெத்தானியில்தான்.

ராகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் அக்காவைச் சொல்வதில்லை, அதில் எனக்கு வருத்தம். இந்தப் பாட்டுக்கு முதன்முதலில் இசையமைத்தவர் சாராவின் அக்கா எலைசா. லண்டன் சவுத் பிளேஸ் சேப்பலுக்காக வில்லியம் ஜான்சன் ஃபாக்ஸ் தொகுத்த புத்தகத்துக்குத் தங்கை பதின்மூன்று பாட்டு எழுதினார், அக்கா அறுபதுக்கு மேல் ராகம் போட்டார். அப்பா பெஞ்சமின் ஃபிளவர் பத்திரிகைக்காரர். ஒரு பிஷப்பை விமர்சித்து எழுதி 1799இல் சிறைக்குப் போனவர். வீடே அப்படி! எலைசா காசநோயில் 1846இல் போனார், சாரா 1848இல், நாற்பத்து மூன்று வயதில். மேசன், டைக்ஸ் ராகங்கள் எதையும் சாரா கேட்டதே இல்லை. இந்தக் குடும்பம் யூனிடேரியன் சபை, திரித்துவத்தை ஏற்காதவர்கள். அதனால்தான் பாட்டில் பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கிய யாக்கோபு இருக்கிறான், கிறிஸ்துவின் பெயர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பின்னால் வந்த சிலர் சொந்தமாகச் சரணம் சேர்த்தார்கள். எனக்கு அது தேவையாகப் படவில்லை.

கடைசி வரிசை டெனர்:
டைட்டானிக்கை யாரும் சொல்லவில்லையே? கப்பல் மூழ்கும்போது வாத்தியக் குழு இந்தப் பாட்டைத்தான் வாசித்தது என்பார்களே. கப்பலின் வாத்தியக் குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் கல்லறை லங்காஷயரில் கோல்ன் ஊரில் இருக்கிறது. நண்பர்களோடு போனோம். கல்லில் வயலின் செதுக்கி, இந்தப் பாட்டின் தொடக்க சுரங்களையும் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பாடினால் பெத்தானியும் இல்லை, ஹார்பரியும் இல்லை! 1872இல் ஆர்தர் சல்லிவன் போட்ட ‘ப்ரோப்பியர் டேயோ’. ஹார்ட்லி மெத்தடிஸ்ட் வீட்டுப் பிள்ளை, அவர்கள் கோயிலில் பாடியது அது. சினிமாக்காரர்கள் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டார்கள்: 1958 பிரிட்டிஷ் படத்தில் ஹார்பரி, 1997 ஹாலிவுட் படத்தில் பெத்தானி.

மூன்றாம் பெஞ்ச்:
கப்பலில் இந்தப் பாட்டு வாசித்ததே உறுதி இல்லை, டெனர் தம்பி. உயிர் தப்பிய வயர்லெஸ் ஆபரேட்டர் ஹரோல்டு பிரைடு சொன்னது ‘ஆட்டம்’ (Autumn, இலையுதிர்காலம்) என்ற ராகம். ஆனால் கல்லறையில் பொறித்ததை இனி யார் மாற்றப் போகிறார்கள்.

பெடல்மரம்:
நைட் டியூட்டி அக்கா, எலைசாவின் ராகம் சோல்ஃபாவிலோ ஸ்டாஃபிலோ (ஐந்து கோட்டுக் குறிப்பு) உங்களுக்குக் கிடைத்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். லெந்து காலத்துக்குள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) கிடைத்தால் ஒரு புதன்கிழமை ஆராதனையில் பாடிப் பார்க்கலாம். ஏழு அடியா எட்டு அடியா என்று முதலிலேயே எண்ணிவிட்டுத்தான் சபைக்குக் கொடுப்பேன்.