வட்டத்தில் திரும்ப இடமே இல்லை என்ற பையன்

குளச்சல் அங்கன்வாடி டீச்சர்:
தரையில் சாக்பீஸால் வட்டம், சதுரம், முக்கோணம் வரைந்து, கைதட்டு நின்றதும் நான் சொல்லும் வடிவத்துக்குள் ஓடி நிற்கும் விளையாட்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாலு வயசுப் பையன் ஒருத்தன் உள்ளே போகவே மாட்டான். கோட்டு மேலேயே நடப்பான். அன்றைக்கு முக்கோணத்தைச் சுற்றி வந்து, "டீச்சர், இதுல மூணு இடத்துல திரும்பணும்" என்றான். சதுரத்துக்குப் போனான். "இதுல நாலு." அப்புறம் வட்டம். சுற்றினான், சுற்றினான், நிற்கவே இல்லை. "இதுல திரும்பதுக்கு இடமே இல்ல டீச்சர்!" மூலை என்றால் என்னவென்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அடுத்த ஜூனில் எல்கேஜிக்கு மாற்றிவிட்டார்கள். "நோட்டுல ஒரு எழுத்துகூட இல்லியே" என்பதுதான் காரணம். அந்த வட்டத்தை எந்த நோட்டில் காட்டுவது? இன்னும் மனசு ஆறவில்லை.

தக்கலையிலிருந்து:
வீட்டுக்காரர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு, எழுத்தும் வேண்டும்தானே. எங்கள் வகுப்பில் ஒருத்தி 'அ' என்றாலே பென்சிலைக் கீழே போட்டுவிடுவாள். 'ட' காட்டினேன், இரண்டே கோடு. ரவைத் தட்டில் விரலால் இழுத்தவள், தட்டோடு பக்கத்து வகுப்புக்கு ஓடிவிட்டாள் காட்டுவதற்கு! அதனால் சொல்கிறேன்: ட, ப முதலில், அப்புறம் ம, ய. சுழி உள்ள அ, இ எல்லாம் பிறகு. பென்சிலுக்கு முன் களிமண் உருட்டட்டும், விரலுக்குப் பலம் வரும். மணல் தட்டு வைப்பவர்கள் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை அள்ளி வராதீர்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீச்சு உள்ள தோரியம். ரவையோ பச்சரிசி மாவோ போதும், வாயில் வைத்தாலும் பயமில்லை. மாலையில் சலித்து டப்பாவில் மூடிவையுங்கள், எறும்பு வரும்.

களியக்காவிளை:
டீச்சர் வருத்தப்பட்டது அந்தப் பையனுக்காக. ரவையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்களிடம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் உண்டு. கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி, வட்டத்துக்குள் நின்ற பேத்தியைப் பார்த்து வாசலிலிருந்தே சொன்னார்: "மோளே, நீ நிக்கது எங்க எழுத்தாக்கும்." மூச்சு விட்டுச் சொல்லும் ட-வுக்கு மலையாளத்தில் வெறும் வட்டம்தானே எழுத்து. அவள் குனிந்து கோட்டைத் தொட்டுத் தொட்டு அந்த ஒலியைச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் வட்டத்துக்குள் போன பிள்ளைகள் எல்லாரும் அதையே கத்தினார்கள். குளச்சல் டீச்சர், அந்தப் பையனின் எல்கேஜி மிஸ் யாரென்று விசாரியுங்கள். அவன் கோட்டில் நடந்துதான் படிக்கிறான் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.