ரேஷன் கடையில கூசிப் போற இடம் எது? பார்த்ததைப் போடுங்க

தராசுமுள்
பரம ஏழைக் குடும்பத்துக்குத் தர்ற அந்தியோதயா அட்டை பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். மாசம் 35 கிலோ அரிசி, இலவசம். பிரச்சினை அளவுல இல்ல, அதைச் சொல்ற தொண்டையில.

மாச முதல் வாரம், வரிசை ரோடு வரைக்கும். ஒரு வயசான அம்மாவுக்கு ரேகை விழல. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு வழுவழுன்னு ஆன விரல், மெஷின் சிவப்பு காட்டிக்கிட்டே இருக்கு. பின்னாடி முணுமுணுப்பு. ஒருவழியா விழுந்ததும் சேல்ஸ்மேன் உள்ள எடை போடுறவரைப் பார்த்து, "முப்பத்தஞ்சு கிலோ பார்ட்டிப்பா, பெரிய சாக்கு எடு"ன்னு ஒரு சத்தம். கூட வந்த பேரன் கையில இருந்த பையை அப்படியே கீழ வெச்சுட்டு ரோட்டுப் பக்கம் போயிட்டான். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற வயசு. கிழவி ரெண்டு பையையும் தானே இழுத்துக்கிட்டுப் போனாங்க.

அட்டையை ஸ்கேன் பண்ணினாலே வகை, அளவு எல்லாம் மெஷின்ல வந்துடும். வாயால சொல்லவே வேண்டாம். சர்க்கரையிலும் இதே கதைதான். மத்தவங்களுக்குக் கிலோ 25 ரூபாய், அந்தியோதயாவுக்கு 13.50. "உனக்கு பதிமூணரைதான்மா"ன்னு சொல்லிச் சில்லறை கொடுத்தா வரிசையில நிக்கிற பத்து பேருக்கும் அந்த வீட்டு நிலவரம் தெரிஞ்சுபோகும்.

கோணிஊசி
சேல்ஸ்மேன் தலையிலேயே எல்லாத்தையும் கட்டாதீங்க. ஆயிரம் அட்டை இருக்கிற கடை, பில் போட ஒரு ஆள், எடை போட ஒரு ஆள். அந்த ஒரு ஆளும் இல்லாத கடை எத்தனையோ. மூட்டை அடுக்கி வெச்சிருக்கிற இடம் உள்ள பத்தடி தள்ளி. கத்தாம எப்படிச் சொல்றது? பல கடையில இப்ப தராசையும் மெஷினோட இணைச்சுட்டாங்க. எடை சரியா நிக்கலைன்னா பில் நகராது. ஒரு அட்டைக்கு ஆகிற நேரம் கூடிப்போச்சு, வரிசையோட எரிச்சலும் கூடிப்போச்சு.

பில் வந்ததும் அதைக் கிழிச்சு வாங்குறவங்க கையிலேயே கொடுத்து உள்ள அனுப்புற கடை இருக்கு. எடை போடுறவர் அதைப் பார்த்துத்தான் போடுவார். அங்க சத்தமே இருக்காது. பேப்பர் ரோல் தீர்ந்துட்டா மட்டும் பழையபடி கூவல்.

குருணைக்கஞ்சி
கூச்சம் கடையில தொடங்கலாம், முடியறது அடுப்படியில. விருந்தாளி வந்திருக்கிற வீடு. அரிசி களையறப்போ நாலஞ்சு மணி மேல மிதக்குது, மத்ததைவிட வெளுப்பா, ஒரே அச்சுல வார்த்த மாதிரி. வந்த அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஐயோ, ரேஷனா? பிளாஸ்டிக் கலக்குறாங்களாமே"ன்னாங்க. வீட்டுக்காரம்மா முகம் செத்துப்போச்சு. களைஞ்ச அரிசியைத் தள்ளி வெச்சுட்டு, பிள்ளையைக் கடைக்கு விரட்டி ஒரு கிலோ பொன்னி வாங்கி வரச்சொல்லி வடிச்சாங்க.

அது பிளாஸ்டிக் இல்ல. செறிவூட்டின அரிசி மணி. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைஞ்சு, இடியாப்பம் பிழியற மாதிரி மெஷின்ல அழுத்தித் தள்ளி, மணி மணியா வெட்டிக் காய வைக்கிறாங்க. நூறு கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ கணக்குல கலக்குறது. மாவுல செஞ்சதால உள்ள காத்து இருக்கும், அதனால சிலது மிதக்கும். நிறமும் ஒரு சாயல் மாறியிருக்கும். சந்தேகமா இருந்தா அதுல பத்து மணியைப் பொறுக்கித் தனியா வேக வைங்க. வெந்ததும் விரலால நசுக்கினா மாவா மசியும். பிளாஸ்டிக் எங்கயாவது மசியுமா?

பொறுக்கி வீசாதீங்க, சத்தே அதுலதான் இருக்கு. நாலு தண்ணி அஞ்சு தண்ணின்னு தேய்ச்சுக் கழுவாதீங்க, ரெண்டு தண்ணி போதும். தலசீமியா மாதிரி இரும்புச்சத்து உடம்புல தங்கற நோய் உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடணும்.

வாடை வேற விஷயம். நெல்லை ஊற வெச்ச தண்ணியை மாத்தாம விட்டாலும், கிட்டங்கியில நாள் கடந்தாலும் புழுங்கல்ல ஒரு புளிச்ச வாடை ஏறும். அரை மணி ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, தண்ணி தாராளமா வெச்சு வடிச்சா பெரும்பாலும் போயிடும். குக்கர்ல வெச்சா வாடை உள்ளேயே நிக்கும். "ரேஷன் அரிசி நாறும்"னு சொல்ற வீடுங்க பெரும்பாலும் குக்கர் வீடுங்க.

இன்னொரு வேடிக்கை. சாதத்துக்கு ஆகாதுன்னு முகம் சுளிக்கிற வீட்டிலேயே இட்லிக்கு மட்டும் "ரேஷன் புழுங்கல்தான் மெத்துன்னு வரும்"னு தேடி வாங்குறாங்க. மாவா அரைச்சுட்டா கௌரவம் வந்துடுது போல.

மேலத்தெரு
பொண்ணு பார்க்க வர்ற வீட்டுக்காரங்க முகவரிச் சான்றுக்கு ரேஷன் கார்டு நகல் கேட்டாங்களாம். கார்டுல ஏழைக் குடும்பம்னு காட்டுற பி.எச்.எச் குறியீடு இருக்கே, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்கன்னு ஒரு குடும்பம் சர்க்கரை கார்டுக்கு மாத்தக் கிளம்பிடுச்சு. தாலுகா ஆபீஸ் வாசல்ல அந்த அப்பா மனு எழுதுறவரிடம் குனிஞ்சு, "காரணம்னு ஒண்ணும் எழுதாதீங்க"ன்னு சொன்னதுதான் மறக்கல.

இப்படி மாத்த நினைக்கிறவங்க முதல்ல கணக்குப் பாருங்க. பி.எச்.எச் முன்னுரிமைக் குடும்பம், ஆளுக்கு 5 கிலோ கணக்கு. என்.பி.எச்.எச் முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் இங்க அரிசி உண்டு, குடும்பத்துக்கு அதிகபட்சம் 20 கிலோ. ரெண்டுக்கும் அரிசி இலவசம்தான், 2011 ஜூன்ல இருந்து. என்.பி.எச்.எச்-எஸ் சர்க்கரை கார்டு: அரிசி கிடையாது, பதிலுக்குச் சர்க்கரை 3 கிலோ கூடுதல். என்.பி.எச்.எச்-என்.சி-க்கு எந்தப் பொருளும் இல்லை, அடையாளத்துக்கு மட்டும். பச்சை கார்டு, வெள்ளை கார்டு காலத்துலயாவது நிறம்தான் காட்டிக் கொடுத்துச்சு. 2017-ல ஸ்மார்ட் கார்டு வந்ததும் நிறம் ஒண்ணாச்சு, எழுத்து வந்துடுச்சு.

எழுத்துக்காக அரிசியை விடாதீங்க. திரும்ப வேணும்னா மறுபடி மனு, மறுபடி விசாரணை. முகவரிக்கு ஆதாரோ வாக்காளர் அட்டையோ கொடுத்தாலே போதும்.

அப்புறம், கூச்சத்துல கடைப் பக்கமே போகாதவங்களுக்கு. போகலைன்னா அரிசி அரசாங்கத்துக்கு மிச்சமாகுதுன்னு நினைக்காதீங்க. பதிவு பண்ணின நம்பருக்கு வர்ற எஸ்.எம்.எஸ்-ஐ மாசாமாசம் பாருங்க. வாங்காத சரக்குக்குப் பில் போட்ட எஸ்.எம்.எஸ் வந்தா யாரோ உங்க பேர்ல எடுத்திருக்காங்க. ரேகை வந்தப்புறம் குறைஞ்சிருக்கு, ஒழியல. பழைய நம்பர் கொடுத்திருந்தா முதல்ல அதை மாத்துங்க, இல்லைன்னா தெரியவே தெரியாது. எஸ்.எம்.எஸ்-ஐ அழிக்காம 1967-க்குப் போன் பண்ணி அட்டை எண், தேதி, பொருள், அளவு சொல்லிப் பதியுங்க. பதிவு எண்ணைக் குறிச்சு வைங்க. நேர்ல போறதா இருந்தா வட்ட வழங்கல் அலுவலர். வேண்டாம்னு கிடக்கிற அந்த அரிசிதான் எல்லை தாண்டிப் பாலிஷ் ஆகி வேற பையில ஏறுது, மிச்சம் மாவு மில், கோழித்தீவனம். வாங்கி விக்கிறதும் குற்றம்தான், அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் பாயும்.

பச்சைமிளகா
மேலத்தெரு, ரெண்டு வரி சம்பவம், ஒரு முழம் அறிவுரை. நல்ல அறிவுரைதான், ஆனா யாரும் கேட்கலையே 🙂

குருணைக்கஞ்சி சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அரிசியில கூச்சம் இருந்தா பொங்கலுக்கு மட்டும் எங்க போகுது? 2021-ல பொங்கல் பரிசா 2500 ரூபாய் கொடுத்தப்போ கார்ல வந்து வரிசையில நின்னாங்க. டோக்கன் நேரம் தவறிடக் கூடாதுன்னு ஹாரன் அடிச்சாங்க. அதே கடை, அதே சேல்ஸ்மேன். அதே ஆளுக்கு அடுத்த மாசம் அரிசிப் பை தூக்கிப் போக வெட்கம். எல்லாரும் வாங்கினா பரிசு, இல்லாதவன் மட்டும் வாங்கினா பிச்சை. அவ்வளவுதான் கணக்கு.

1997-ல மத்திய அரசு ஏழைக்கு மட்டும்னு ரேஷனைப் பிரிச்சப்போ தமிழ்நாடு பிரிக்காம விட்டது இதனாலதான் பெரிய விஷயம். பிரிச்ச இடத்துல என்ன ஆச்சு தெரியுமா? 2017-ல ராஜஸ்தான் தௌசா மாவட்டத்துல, ரேஷன் வாங்குற வீட்டுச் சுவர்ல "நான் ஏழைக் குடும்பம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ரேஷன் வாங்குறேன்"னு பெயிண்ட்ல எழுதி வெச்சாங்க. தகுதி இல்லாதவங்க வெட்கப்பட்டு விலகட்டும்னு யோசனை. தகுதி இருக்கிறவன் வீட்டுச் சுவர்லயும் அதேதானே எழுதியிருக்கு!

சத்துணவுத்தட்டு
ரேஷன் கடையை விடுங்க, பள்ளிக்கூடம் வாங்க. சத்துணவு சாப்பிடுற பிள்ளைகளை எங்கிருந்தும் கண்டுபிடிக்கலாம்: பையில் தட்டு இருக்கும். பைக்குள் தட்டு டொங்கென்று அடிக்கும். ஒரு ஏழாம் வகுப்புப் பெண் தன் தட்டைத் துண்டில் சுற்றி, கணக்கு நோட்டுக்கும் அறிவியல் புத்தகத்துக்கும் நடுவே செருகி வைத்திருந்தாள், சத்தம் கேட்காமல் இருக்க. ஆறாம் வகுப்புக்கு மேல் இந்த மறைப்பு தொடங்கும். எட்டாவது வருவதற்குள் சிலர் பேரையே நீக்கச் சொல்லிவிட்டுப் பசியோடு திரிவார்கள்.

கையில் இருக்கும் வழிகள் சிலதுதான். தட்டைப் பள்ளியிலேயே அடுக்கி வைத்தால் சத்தமும் இல்லை, அடையாளமும் இல்லை. கழுவிக் கவிழ்க்க ஒரு மேடையும், பக்கத்தில் குழாயும் வேண்டும், அது இல்லாத பள்ளியில் பேசிப் பயனில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்காரர்களையும் இவர்களையும் தனித்தனி மரத்தடியில் உட்கார வைக்காமல் கலந்து உட்கார வைக்க வேண்டும். "சத்துணவு எல்லாம் எழுந்திரு" என்று வகுப்பில் கூப்பிட்டு எண்ணும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருகைப் பதிவைப் பார்த்து எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தாலே சமையலறைக்குப் போதும். அரிசி தொடக்கப் பள்ளிக்கு 100 கிராம், நடுநிலைக்கு 150 கிராம். எண்ணிக்கை தப்பினால்தான் கடைசிப் பிள்ளைக்குக் குறையும், அப்போது "எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்வது பெரும்பாலும் கூச்சம் அதிகம் உள்ள பிள்ளைதான்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவில் இந்தச் சிக்கல் குறைவு. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாருக்கும் என்று வைத்ததால் யார் ஏழை என்று தட்டு சொல்வதில்லை. பச்சைமிளகா சொன்ன அதே கணக்கு.

தறிச்சத்தம்
எல்லாருக்கும்னு சொன்னா எல்லாருக்குமா? வடநாட்டுத் தொழிலாளி ஒருத்தர், பீகார் கார்டு. கடைக்காரர் மெஷின்ல போடக்கூட இல்ல, "இது இங்க செல்லாது." வரிசையில ஒருத்தர், "நம்ம அரிசியை இவனுங்களுக்கு எதுக்கு." அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, ஆனா சிரிப்பு புரிஞ்சுது.

செல்லும். ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டுல 2020 அக்டோபர்லயே வந்தாச்சு. ரேஷன் கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ, கூடவே ரேகை, அவ்வளவுதான். கிடைக்கிறது உணவுப் பாதுகாப்புச் சட்ட அளவு மட்டும். மாநிலம் கொடுக்கிற பருப்பு, பாமாயில் கேட்டா இல்லைன்னுதான் வரும், அதுல சண்டை வேண்டாம். குடும்பம் ஊர்ல இருந்தா பாதியை இங்க, மீதியை அங்க எடுக்கலாம். மெஷின் ஏத்துக்கலைன்னா பெரும்பாலும் சொந்த ஊர்ல அவர் பேரோட ஆதார் இணைச்சிருக்க மாட்டாங்க, அதை அங்கதான் சரி பண்ணணும்.

தராசுமுள்
ரேகை விழாதவங்களுக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. விரலை ஈரமில்லாம துடைச்சு வேற விரல் வைங்க, கட்டைவிரல்தான்னு சட்டம் இல்ல. அதுவும் இல்லைன்னா கண்கருவி இருக்கிற கடையில கருவிழி. வரவே முடியாத முதியவங்களுக்கு அங்கீகாரச் சான்றுப் படிவம் கடையிலேயே கேளுங்க, வேற ஆளை நியமிக்கலாம். வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவர்ற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்ல தொடங்கியிருக்கு. அதுலயும் ஒரு குறை கேள்விப்பட்டேன்: வண்டி தெருமுனையில நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுது.

புதுசு_2
சர்க்கரை கார்டை அரிசி கார்டா மாத்தினா மகளிர் உரிமைத் தொகை 1000 வருமா?

மேலத்தெரு
அது கார்டு வகையை வெச்சு இல்ல. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள்ள, மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள. ஒரு கார்டுக்கு ஒரு பெண். கரண்டு பில்லை எடுத்துக் கூட்டிப் பாருங்க, நிறைய பேர் அதுலதான் அடிபடுறாங்க.