ஒரு தோட்டத்துத் தேயிலையின் ஏல விலையை எங்கே எடுப்பது?

ஹட்டனிலிருந்து 6 வருடமாக ஒரு பத்திரிகைக்கு வணிகச் செய்தி எழுதுகிறேன், இப்போது ஒரு கட்டுரையில் மாட்டிக்கொண்டேன். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதிலிருந்து இங்குள்ள ஒரு தோட்டத்துத் தேயிலை கொழும்பு ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனது என்று வேண்டும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி அது, பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கம்பனியின் காலாண்டு அறிக்கைகளைப் பார்த்தேன், எல்லாத் தோட்டமும் ஒரே கணக்கில் கிடக்கிறது. தரகர்களின் வாராந்த அறிக்கையில் உச்ச விலை எடுத்த தோட்டங்கள்தான் வருகின்றன, இது இல்லை. தோட்ட அலுவலகத்தில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். தகவல் அறியும் சட்டத்தில் போடலாம், ஆனால் பதிலுக்கே 14 வேலை நாள், எனக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும்.

பழைய ஏலப் பட்டியலை, தோட்ட மார்க் (ஏலத்தில் அந்தத் தோட்டத்துத் தேயிலை விற்கப்படும் பெயர்) வாரியாக விற்ற விலையோடு, எங்கே பார்க்கலாம்?